தண்ணிக் கோடு

அன்றைக்குக் கோயில் வெஸ்ட்ரியில், ஐயர் அங்கி மாற்றுகிற அறையில், இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் நானும் இருந்தேன் என்று வரக்கூடாது.

ஐயர். நம் சபையில் போதகரை ஐயர் என்றுதானே சொல்வோம். மாற்றலாகி ராஜபாளையம் வந்து அவருக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை.

உபதேசியார். ஐயருக்குத் துணை. கோயில் சாவி எல்லாம் அவர் இடுப்பில்.

மாமா. என் அப்பாவுடைய அக்காள் புருஷன். சபைக் கமிட்டியில் இருந்தார். வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பால் சொசைட்டியில். தினமும் விடியுமுன் முதல் பஸ்.

அத்தை. அவர் சம்சாரம்.

அம்மா. ஷிப்டு முடிந்து மில்லிலிருந்து நேரே வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

நான். வயது பதினொன்று.

இவ்வளவுதான். அப்பா பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். உங்களில் இரண்டு பேர் ஜன்னல் வழியாகப் பார்த்ததாக இன்னும் சொல்கிறீர்கள். ஜன்னல் சாத்தியிருந்தது. நான்தான் சாத்தினேன்.

எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. எட்டாவதோடு சரி. போன வாரம் நம் ஞாயிறு பள்ளி குரூப்பில் ஒருத்தர், “தண்ணி ரசம் ஞாபகம் இருக்கா?” என்று போட்டிருந்தீர்கள். ஒன்பது பேர் சிரிக்கிற மூஞ்சி போட்டிருந்தீர்கள். அந்தப் பேர் என் அம்மாவுக்குத் தெருவில் வைத்த பேர். எனக்கும் சேர்த்து வைத்தது. ஐம்பது வருஷமாகிறது. சிரித்து முடித்திருந்தால் இதைப் படியுங்கள்.

நற்கருணைக்குத் திராட்சரசம் செய்கிற வேலை அம்மாவிடம் நாலு வருஷமாக இருந்தது. பழைய ஐயர் கொடுத்தது. சம்பளம் கிடையாது. மில்லில் நூல் கோன் சுற்றுகிறவளுக்குக் கோயிலில் அப்படி ஒரு வேலை கிடைத்தது சிலருக்குப் பொறுக்கவில்லை. அத்தைக்கு முதலில்.

பழம் கம்பத்திலிருந்து வரும். கறுப்புப் பன்னீர்த் திராட்சை. கூடைக்குள் வைக்கோல் வாசமும் பழ வாசமும் சேர்ந்து வரும். அம்மா ஒவ்வொரு பழமாக ஆய்ந்து, கழுவி, பழைய வேட்டியில் பரப்பி ஈரம் போகக் காய விடுவாள். தண்ணீர் ஒரு சொட்டு ஜாடிக்குள் போகக்கூடாது. சபையில் வீட்டுக்கு ஒரு டம்ளர் சீனி கொடுப்பார்கள். அது அத்தனையும் உள்ளே போகும். ஒரு கை கோதுமை. நாலு கிராம்பு. பிசைகிறது நான். முழங்கை வரைக்கும் ஊதா ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் கையை மறைத்துக்கொண்டு உட்காருவேன்.

ஜாடி கோயிலுடையது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை. ஒரு குடம் பிடிக்கும். வாயில் துணி கட்டி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைப்போம். மூன்றாம் நாள் உள்ளே பேச்சு ஆரம்பிக்கும். காதை வைத்தால் எண்ணெய்ச் சட்டி தூரத்தில் பொரிகிற மாதிரி கேட்கும். வீடு முழுக்கப் புளித்த வாசம். சின்னக் கொசு மாதிரி ஈ வரும்.

மற்ற வீடுகளில் இருபத்தொரு நாள் ஆனதும் வடிகட்டிவிடுவார்கள். அம்மா வடிக்க மாட்டாள். தினமும் ஷிப்டுக்குப் போகுமுன் ஜாடியில் காதை வைப்பாள்.

“இன்னும் பேசுது” என்பாள். மூடிவிடுவாள்.

பேச்சு சுத்தமாக நிற்கிற வரைக்கும் விடுவாள். அது ஐம்பது நாளோ அறுபது நாளோ. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் வருஷம் டபுள் ஷிப்டு பார்த்ததில் மறந்துபோனாள். ஊற்றிப் பார்த்தால் இனிப்பே இல்லை. துவர்ப்பு, பின்னால் ஒரு சூடு. பயந்துகொண்டே கொண்டுபோய்க் கொடுத்தாள். பழைய ஐயர் ஒரு வாய் குடித்துவிட்டு, “இனிமே இப்படியே செய்” என்றார். இனிப்பு ரசம் பங்குனிக்குள் காடியாகிவிடும். அம்மாவுடையது அடுத்த பழம் வரும்வரை நின்றது.

பழைய ஐயர் மாற்றலாகிப் போனார். அந்த வருஷம்தான் இது நடந்தது.

கார்த்திகை கடைசி. வடிகட்டி ஜாடியில் ஊற்றி வெஸ்ட்ரியில் வைத்தாயிற்று. ஒருநாள் அத்தை பீடத்துத் துணி துவைத்துக் கொண்டுபோனவள் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்திருக்கிறாள்.

“சப்புன்னு இருக்கு. சபை குடுத்த சீனி எல்லாம் எங்க போச்சு? சீனிய வீட்டுல வச்சிட்டு தண்ணிய ஊத்திருக்கா.”

இதை எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொன்னாள். மறுநாள் தெருக்குழாயில் குடம் வைக்கப் போனேன். உங்களில் ஒருத்தருடைய அக்காள்தான் கேட்டாள், “ஏட்டி, ஒங்க வீட்டு ரசத்துல பருப்பு போடுவீகளா?” என்று. வரிசையே சிரித்தது. நான் குடத்தை நிரப்பாமல் வந்துவிட்டேன். அம்மா திரும்ப அனுப்பினாள். “தண்ணி வேணும்லா, போ” என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐயர் கூப்பிட்டுவிட்டார்.

மாமா எப்போதும் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழல் வைத்திருப்பார். கீழே உருண்டை, உள்ளே ஈயக்குண்டு. மேலே ஒல்லிக் காம்பு. அதில் இரண்டு கோடு. கீழ்க்கோடு பாலுக்கு, மேல்கோடு தண்ணிக்கு. நல்ல பாலில் போட்டால் மிதந்து, பால் கோடு வரைக்கும்தான் முங்கும். தண்ணீர் கலக்கக் கலக்கக் காம்பு முங்கிக்கொண்டே போகும். தண்ணிக் கோடு வரைக்கும் முங்கினால் அது பாலே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்களும், மாடு வைத்திருக்கிறவர்களும் அந்தக் கண்ணாடிக்குப் பயப்படுவார்கள். போலீசுக்குக்கூட அப்படிப் பயப்பட மாட்டார்கள். மாமா அதைப் பையிலிருந்து எடுக்கிற விதமே தனி. இரண்டு விரலில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வேட்டி நுனியில் துடைப்பார்.

அன்றைக்கும் துடைத்தார். உபதேசியார் ரசத்தை ஒரு நீளக் கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். மாமா குழலை விட்டார்.

முங்கியது. பால் கோடு போனது. தண்ணிக் கோடும் போனது. அதற்கு மேலே நகம் அளவுக்கு வெறும் காம்புதான் நீட்டிக்கொண்டு நின்றது.

“பாத்துக்கிடுங்க ஐயா” என்றார் மாமா. “தண்ணிக் கோடே முங்கிட்டு. இருவது வருஷ சர்வீசுல இம்புட்டுத் தண்ணி நான் பார்த்தது இல்ல.”

“நாஞ் சொல்லல?” என்றாள் அத்தை.

ஐயர் அம்மாவைப் பார்த்தார். “நீ என்னம்மா சொல்லுதே? நாளைக்கு நற்கருணை. நீ ஒத்துக்கிட்டா சபை முன்னால ஒரு வார்த்தை மன்னிப்பு. அதோட முடிஞ்சுரும். இல்லைன்னா உன்னைப் பந்தியில சேர்க்க முடியாது.”

நற்கருணைப் பந்தியில் சேர்க்காமல் நிறுத்துவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். குடித்துவிட்டு வந்தவனையும், ரெண்டாவது வைத்துக்கொண்டவனையும்தான் நிறுத்துவார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் அந்தக் குழலையே பார்த்தாள்.

“அண்ணாச்சி” என்றாள். “சந்தையில புளி நிறுக்கிறவன்கூட முதல்ல வெறுந்தட்டத் தூக்கிக் காட்டுவான். முள்ளு நடுவுல நிக்குதான்னு பாத்துட்டுத்தான் நாம புளியப் போடச் சொல்லுவோம். நீங்க வெறுந்தட்டு காட்டலயே.”

“இதுக்கு ஏதும்மா தட்டு?”

“வெறும் தண்ணியில போடுங்க. தண்ணிக் கோடு தண்ணியில சரியா நிக்குதான்னு பாப்போம்.”

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கண்ணாடியை அதுவரை யாரும் சோதிக்கச் சொன்னதில்லை. ஐயர், “நியாயந்தான்” என்றார். நான் வெளியே ஓடினேன். கோயில் வளாகத்து அடிபம்பில் ஒரு சொம்பு அடித்துக்கொண்டு வந்தேன்.

போட்டார்கள். தண்ணிக் கோடு தண்ணீருக்குள் போகவில்லை. ஒரு நூல் மேலே நின்றது.

“கண்ணாடி தப்பு” என்றேன் நான். அத்தை என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

மாமா குனிந்து பார்த்தார். பிறகு விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்தார். சிரித்தார்.

“ஏட்டி, இது அடிபம்புத் தண்ணி. உப்பு. உப்பு இருந்தா கண்ணாடியத் தூக்கும். நல்ல தண்ணி கொண்டா.”

நல்ல தண்ணீர் என்றால் தெருக்குழாயில் வருகிற ஆறாவது மைல் நீர்த்தேக்கத் தண்ணீர்தான். ஐயர் வீட்டு மண்பானையிலிருந்து உபதேசியார் கொண்டுவந்தார். போட்டார்கள். தண்ணிக் கோடு தண்ணீர் மட்டத்தில் போய் நின்றது. மயிரிழை பிசகவில்லை.

“வெறுந்தட்டு பாத்தாச்சா தங்கச்சி?” என்றார் மாமா.

ஐயர் பெருமூச்சு விட்டார். அம்மா தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன்.

அம்மா நகரவில்லை. தண்ணீர் டம்ளரைப் பார்த்தாள். ரச டம்ளரைப் பார்த்தாள். மறுபடியும் தண்ணீர்.

“இன்னொருக்க ரசத்துல போடுங்க.”

போட்டார்கள். பழையபடி கோடு முங்கியது.

“தண்ணியில கோடு வரைக்குந்தான் முங்குது” என்றாள் அம்மா. “ரசத்துல கோட்டுக்கு மேலயும் முங்குது. நான் தண்ணி ஊத்திருந்தா, தண்ணியில முங்குறத விட எப்படிக் கூட முங்கும்?”

ஐயர் மாமாவைப் பார்த்தார்.

அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டம்ளரிலிருந்து பாதி ரசத்தை ஜாடியில் திரும்ப ஊற்றினாள். மீதிப் பாதியில் நல்ல தண்ணீரை எடுத்து நிரப்பினாள். சிவப்பு வெளுத்தது. அவளே குழலை எடுத்து விட்டாள். மாமா கையை நீட்டினார், அதற்குள் விட்டுவிட்டாள்.

காம்பு மேலே வந்தது. முங்கின கோடு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஏறி வந்தது.

“தண்ணி ஊத்துனா மேல வருது. கீழ போகல” என்றாள். “பாலுக்கு ஒரு கணக்கு, இதுக்கு வேற கணக்கு. எனக்குத் தெரியாது. ஆனா நான் தண்ணி ஊத்தல.”

உபதேசியார் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டினதை நான் பார்த்தேன். பிறகு ஐயர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதையும் பார்த்தேன்.

மாமா கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு சொன்னார்:

“தண்ணிய விட லேசா இருக்குன்னா ஒண்ணே ஒண்ணுதான் ஐயா. சாராயம். சாராயம் கலந்திருக்கா.”

“ஐயோ ஆண்டவரே” என்றாள் அத்தை.

ஐயர் எழுந்துவிட்டார். “இவ்வளவு நேரம் தண்ணின்னீங்க. இப்பம் சாராயம்ங்கிறீங்க. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க.”

“எதையோ கலந்திருக்கா ஐயா. இனிக்கலயே!”

“இனிப்பு செத்தாத்தான் அது ரசம்” என்றாள் அம்மா. “பழம், சீனி, நாளு. வேற ஒண்ணும் கெடையாது.”

ஐயர் கெட்டவர் இல்லை. புது ஊர். கமிட்டிக்காரரை முதல் வருஷமே பகைக்க முடியாது. அம்மா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

“மன்னிப்பு வேண்டாம்மா. ‘தெரியாம நடந்துபோச்சு’ன்னு மட்டும் சொல்லு. எல்லாருக்கும் மரியாதையாப் போயிரும்.”

“தெரிஞ்சுதான் ஐயா செஞ்சேன்” என்றாள் அம்மா. “ஒவ்வொரு நாளும் காத வச்சுக் கேட்டுத்தான் செஞ்சேன்.”

என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். செருப்பை வெஸ்ட்ரி வாசலிலேயே விட்டுவிட்டோம். மறுநாள் போய்ப் பார்த்தபோது அது இல்லை.

ரசத்தைக் கோயில் பின்னால் வேப்பமரத்தடியில் ஊற்றியதாகச் சொன்னார்கள். உபதேசியார் ஒரு பாட்டில் எடுத்து வைத்துக்கொண்டார் என்றும் சொன்னார்கள். அப்படியென்றால் சந்தோஷம். அந்த வருஷத்திலிருந்து ரசம் அத்தை செய்தாள். பதினைந்தாம் நாளே வடித்துவிடுவாள். பாகு மாதிரி இனிக்கும். நீங்கள் எல்லாம் நல்லா இருக்கு என்றீர்கள்.

அப்பா லீவில் வந்தபோது அத்தை வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அம்மாவிடம், “ஒரு வார்த்தைதான, சொல்லிட்டுப் போயேன்” என்றார். அம்மா அவருக்குச் சோறு வைத்தாள். ரசம் வேண்டுமா என்று கேட்டாள். சமையல் ரசம். அப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் பெரியவளாகி சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி வெளுக்கிற இடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். அங்கேயும் அதே மாதிரிக் குழல் உண்டு. கார மருந்து எவ்வளவு என்று தொட்டியில் விட்டுப் பார்ப்பதற்கு. வேறு கோடு, வேறு நம்பர். முதல் நாளே சூப்பர்வைசர் சொன்னார், “நல்ல தண்ணியில போட்டுப் பாத்துட்டுத்தான் தொட்டியில போடணும். கண்ணாடி பொய் சொல்லும்” என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் சிரிக்கிறாய் என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஒரு நாள் அவரிடம் கேட்டேன், பழரசம் புளித்தால் அதில் கண்ணாடி எப்படி நிற்கும் என்று. “சீனி கனம். அது எல்லாம் சாராயச் சத்தா மாறிட்டா தண்ணிய விட லேசாயிரும். தண்ணிக் கோடு முங்கிரும். அப்படி முங்குனா நல்லா பழுத்த ரசம்னு அர்த்தம்” என்றார்.

ஆக, மாமா சொன்னதில் பாதி சரி. சாராயச் சத்து இருந்தது. யாரும் ஊற்றவில்லை. ஜாடிக்குள் அதுவே ஆனது.

மாமாவை நான் வைய மாட்டேன். பாலில் தண்ணீரைப் பிடித்தே வாழ்ந்த மனுஷன். அவருக்கு எல்லா டம்ளரும் பால் டம்ளர். அவர் சாவுக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் போனில் ஆர்டர் போட்டு, ரசத்துக்கு என்றே செய்த குழல் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். நீளமாக, உள்ளே கலர் காகிதம். அவள் நேரே ஜாடியில் விடப் போனாள். கையைப் பிடித்தேன். முதலில் நல்ல தண்ணீர் பிடித்து, செத்த நேரம் சூடு தணிய வைத்து, குழலை விட்டு, ஒட்டியிருந்த குமிழி போகச் சுழற்றிவிட்டு, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டு கோடு தப்பு. தண்ணீரிலேயே இரண்டு கோடு கூடுதலாக முங்கியது.

“திருப்பி அனுப்பிருவோமாம்மா?” என்றாள்.

“வேண்டாம். எம்புட்டுத் தப்புன்னு தெரிஞ்சாச்சுல்லா. கழிச்சுக்கிடலாம்.”

அம்மா செய்த மாதிரியே செய்தேன். கம்பம் பழம், சீனி, கோதுமை. பேச்சு நிற்கிற வரைக்கும் விட்டேன். ஐம்பத்தெட்டு நாள். குழலை விட்டேன். அந்த இரண்டு கோட்டையும் கழித்தேன். கழித்த பிறகும் தண்ணிக் கோடு முங்கித்தான் நின்றது. போட்டோ எடுத்து குரூப்பில் போடச் சொன்னாள் மகள். போடவில்லை. கோட்டைக் காட்டியும் மாமாவுக்கே புரியவில்லை. உங்களுக்கு எங்கே.

அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. அவள் பெண்கள் பக்கம் முன்வரிசையில் ஓரத்தில் உட்காருவாள். எல்லோரும் எழுந்து பந்திக்குப் போகும்போது அவள் உட்கார்ந்தே இருப்பாள். அவள் முழங்காலைத் தாண்டித்தான் வரிசை போக வேண்டும். சில பேர் சேலையை ஒதுக்கிக்கொண்டு போவார்கள். பின்வரிசையில் உட்காரச் சொல்லி உபதேசியார் வந்து கேட்டார். “இங்கதான் காத்து வருது” என்றாள்.

எனக்குப் பதினாலு வயதில் திடப்படுத்தல்; அது முடிந்தால்தான் பிள்ளைகளுக்கு நற்கருணை. அது உங்களுக்கும் தெரியும், நீங்களும் இருந்தீர்கள். பிஷப் வந்திருந்தார். எல்லோரும் வெள்ளைத் தாவணி, தலையில் வெள்ளை முக்காடு. அம்மா எனக்கு மில் துணியில் எடுத்துத் தைத்திருந்தாள். பிஷப் தலையில் கை வைத்தார். கை கனமாக, சூடாக இருந்தது. எல்லோரும் அவரவர் வீட்டாரோடு போய் உட்கார்ந்தோம். பிறகு முதல் நற்கருணைக்கு நம் பேரைக் கூப்பிட்டார்கள். கிண்ணத்தில் இருந்தது அத்தை செய்தது. வாசனையிலேயே தெரிந்தது.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். “போ ஏட்டி. இது ஒனக்கு.”

“நீ வா.”

“என்ன யாரு கூப்புட்டா? போ.”

“அப்பம் நானும் போகல.”

“அறைஞ்சிருவேன்.”

“அறை.”

ஐயர் என் பேரை இரண்டாவது தடவை கூப்பிட்டார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தை பார்த்தாள். மாமா பார்த்தார். அம்மா அறையவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள். நீங்கள் ஒவ்வொருவராக எங்கள் இருவர் முழங்காலையும் தாண்டிப் போனீர்கள். நான் எண்ணினேன்.

திடப்படுத்தப்பட்டவர்கள் பதினான்கு. பந்திக்குப் போனவர்கள் பதின்மூன்று.